வேக் ஷேப்பர்: பொருத்துவது, திருத்துவது, பராமரிப்பது

ஓடும் படகு தனக்குப் பின்னால் நீரில் ஒரு பள்ளத்தை விட்டுச் செல்கிறது. அதை நிரப்ப இரண்டு பக்கமிருந்தும் நீர் பாய்ந்து வந்து நடுவில் மோதும்போது நுரை பொங்குகிறது. படகுக்குப் பின்னால் எழும் அலையில் பலகைமேல் நின்று சறுக்குவதுதான் வேக்சர்ஃபிங், நுரையில் அப்படிச் சறுக்க முடியாது. ஒரு பக்கத்து நீரைச் சற்று வெளியே தள்ளி, அது வந்து சேர்வதைத் தாமதப்படுத்தினால், மறுபக்கத்து நீர் மோதலில்லாமல் எழும்பி, நீண்ட வழவழப்பான சரிவாகிறது. வேக் ஷேப்பரின் வேலை இவ்வளவுதான். அதனால்தான் அலை எந்தப் பக்கம் வேண்டுமோ, அதற்கு எதிர்ப்பக்கத்தில் அதை ஒட்டுகிறோம்.

மாலிபு, நாட்டிக், மாஸ்டர்கிராஃப்ட் போன்ற நிறுவனங்களின் புதிய படகுகளில் இந்த வேலையைச் செய்யும் தகடுகள் ஆலையிலேயே பொருத்தப்பட்டு வருகின்றன. பொத்தானை அழுத்தினால் போதும். அமெரிக்க ஏரிகளில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் பழைய இன்போர்டு (எஞ்சின் உள்ளே இருக்கும்) படகுகளுக்கு, ரப்பர் கிண்ணங்களால் ஹல்லில், அதாவது படகின் உடற்கூட்டில், ஒட்டிக்கொள்ளும் ஷேப்பர்தான் மலிவான வழி. கோணத்தையோ இறக்கையின் நீளத்தையோ மாற்றிக்கொள்ளும் வகையை வாங்குவது நல்லது. ஒரே அளவில் செய்யப்பட்டது எல்லா ஹல்லுக்கும் பொருந்துவதில்லை.

முதலில் படகைப் பாருங்கள். வேக்சர்ஃபிங் செய்பவர் படகின் பின்விளிம்பிலிருந்து ஏறக்குறைய 3 மீட்டர் தூரத்தில் நிற்கிறார், கயிற்றை விட்டுவிட்டும் சறுக்குகிறார். அவுட்போர்டு, சாதாரண ஸ்டெர்ன்டிரைவ் படகுகளில் புரொப்பல்லர் பின்பலகைக்கு வெளியே சுழல்கிறது. அவற்றின் பின்னால் வேக்சர்ஃபிங் கூடவே கூடாது, ஷேப்பர் இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி. புரொப்பல்லர் ஹல்லுக்கு அடியில் இருக்கும் இன்போர்டு, வி-டிரைவ் படகுகளும், 2015-இல் வோல்வோ பென்டா கொண்டுவந்த ஃபார்வர்டு டிரைவ் போல முன்னோக்கி இழுக்கும் அமைப்புகளுமே இதற்கு ஏற்றவை.

எந்தப் பக்கம் ஒட்டுவது

இடது காலை முன்வைத்து நிற்பவருக்கு, ரெகுலர் என்பார்களே அவருக்கு, இடப்பக்க அலை வசதி. ஷேப்பர் வலப்பக்கம். வலது காலை முன்வைக்கும் கூஃபி ஆளுக்கு எல்லாம் தலைகீழ். அலையே வரவில்லை என்ற புகார்களில் கணிசமானவை, அலை வேண்டிய பக்கத்திலேயே ஷேப்பரை ஒட்டிவிட்டதால் வருபவை. இடம், வலம் என்பதைப் படகின் முன்பக்கத்தைப் பார்த்து நின்றபடி முடிவு செய்யுங்கள். பின்னால் தண்ணீரில் கிடக்கும் ஆளிடம் கேட்டால் குழப்பம்தான்.

ஒட்டுவதற்கு முன்

படகு டிரெய்லரில் இருக்கும்போதே ஹல்லின் பின்பகுதியைக் கையால் தடவிப் பாருங்கள். தட்டையான, வழவழப்பான இடம் வேண்டும். ஸ்டிக்கர், ஆழமான கீறல், ஹல்லின் நீளவாக்கில் ஓடும் வரம்பு, நீர் உள்ளிழுக்கும் துளை ஆகியவற்றின் மேல் கிண்ணத்தின் ஓரம் படக்கூடாது. ஒன்றிரண்டு மில்லிமீட்டர் உயர வேறுபாடு இருந்தாலே காற்று கசியும். உரிந்தோ கொப்பளித்தோ இருக்கும் ஜெல்கோட்டில் (ஹல்லின் வெளிப்பூச்சில்) ஒட்டினால் பூச்சும் சேர்ந்து கையோடு வரும். நல்ல இடம் கிடைத்ததும் அதற்கு நேர்மேலே, தண்ணீருக்கு வெளியே தெரியுமிடத்தில் ஒரு துண்டு டேப் ஒட்டி அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீரில் இறங்கியபின் தடவித் தேடுவது மிச்சம்.

பேலஸ்ட் பைகளை (படகுக்கு எடையேற்ற நீர் நிரப்பும் பைகளை) நிரப்பிய பிறகே ஷேப்பரை ஒட்ட வேண்டும். எடை ஏறினால் படகு அமிழ்ந்து நீர்மட்டக் கோடு மேலேறும். காலிப் படகில் சரியாகத் தெரிந்த இடம் அப்போது ஆழமாகிவிடும். ஒரு லிட்டர் நீர் ஒரு கிலோ என்பதால் கணக்கு எளிது. 400 பவுண்டு என்று விற்கப்படும் பை ஏறக்குறைய 180 லிட்டர் பிடிக்கும். பின்பக்க மூலைகள் இரண்டிலும் இப்படி ஒவ்வொன்று, முன்பக்கம் அதில் பாதியளவு எடை என்று தொடங்கலாம். ஷேப்பர் வருவதற்கு முந்தைய வழக்கம், சறுக்கும் பக்கம் முழு எடையையும் ஏற்றிப் படகைச் சாய்ப்பது. இப்போது அது தேவையில்லை. இரண்டு பக்கமும் ஏறத்தாழச் சமமாக வைத்துவிட்டு, சறுக்கும் பக்கம் ஒருவரை உட்கார வைத்தால் போதும்.

இந்த எடையெல்லாம் படகின் தாங்குதிறனுக்குள் அடங்க வேண்டும். அமெரிக்காவில் 20 அடிக்குக் குறைவான படகுகளில் தாங்குதிறன் பலகை சட்டப்படி கட்டாயம். அதைவிடப் பெரியவற்றிலும் பல தயாரிப்பாளர்கள் வைக்கிறார்கள். பலகையில் 900 கிலோ என்று இருந்து, 75 கிலோ வீதம் ஆறு பேரும் 60 கிலோ சாமானும் ஏறினால் மிச்சம் 390 கிலோ. படகோடு வந்த பேலஸ்ட் தொட்டிகள் அந்தக் கணக்கில் சேர்ந்தவையா என்பதைக் கையேட்டில் பார்த்துவிட்டு மீதியை நிரப்புங்கள்.

ஒட்டும் முறை

எஞ்சினை நிறுத்திச் சாவியை எடுத்துவிடுங்கள். புரொப்பல்லர் மட்டும் காரணமல்ல: புகைக்குழாய் பெரும்பாலும் பின்பலகைக்கு அருகில் இருக்கிறது, நிறமும் மணமும் இல்லாத கார்பன் மோனாக்சைடு நீச்சல் மேடையைச் சுற்றித் தேங்கி ஆளை மயக்கிவிடும். எஞ்சின் ஓடும்போது அந்த மேடையில் யாரும் உட்காரவே கூடாது.

ஷேப்பரின் பாதுகாப்புக் கயிற்றை முதலில் பின்பக்க கிளீட்டில் (கயிறு கட்டும் கொக்கியில்) கட்டுங்கள். ஷேப்பர் கழன்றாலும் புரொப்பல்லரை எட்டாத அளவுக்குக் கயிறு குட்டையாக இருக்க வேண்டும். பிறகு ஹல்லையும் கிண்ணங்களையும் ஈரத் துணியால் துடையுங்கள். பாசி, மணல் துகள், கையில் ஒட்டியிருக்கும் சன்ஸ்கிரீன் எண்ணெய் மூன்றும் பிடிமானத்தைக் கெடுப்பவை. ஷேப்பரின் பின்விளிம்பு பின்பலகையின் ஓரத்துக்கு இணையாக, அதிலிருந்து ஓரிரு அங்குலம் முன்னால் இருக்கட்டும். மேல்விளிம்பு நீருக்குள் இரண்டு, மூன்று அங்குலம் மறைய வேண்டும். நீரை வெளியே தள்ளும் சரிவு பின்னோக்கிப் பார்க்க வேண்டும்.

கிண்ணத்தை உள்ளங்கையால் அழுத்தி, உள்ளே சிக்கிய நீரை வெளியேற்றிவிட்டுக் கிண்ணத்தோடு இருக்கும் பம்ப்பை அழுத்தத் தொடங்குங்கள். பம்ப் தண்டில் சிவப்புக் கோடு உள்ள வகையில், கோடு முழுதாக உள்ளே மறையும்வரை அழுத்த வேண்டும். நெம்புகோல் வகையில், நெம்புகோல் கடைசிவரை மடங்கினால்தான் பிடித்ததாகப் பொருள். இரண்டு மூன்று நிமிடம் காத்திருந்து கோட்டை மறுபடி பாருங்கள். வெளியே தலைகாட்டினால் எங்கோ கசிகிறது. கழற்றித் துடைத்து மறுபடி ஒட்டுங்கள். கோடு மறைந்தே இருந்தால் இரு கைகளாலும் பின்னோக்கி ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டு ஏறலாம்.

பிடிமானத்தின் வலுவைத் தருவது வெளிக்காற்றின் அழுத்தம். 15 செ.மீ. விட்டமுள்ள கிண்ணத்தின் பரப்பு சுமார் 177 சதுர செ.மீ. முழு வெற்றிடம் கிடைத்தால் கடல்மட்டத்தில் 180 கிலோ அளவு விசை வரும். கைப்பம்ப் அவ்வளவு தூரம் போகாது. சுமார் 1,900 மீட்டர் உயரத்தில் கிடக்கும் டாஹோ ஏரியில் காற்றழுத்தமே ஐந்தில் ஒரு பங்கு குறைவு. மலை ஏரிக்குப் போகிறவர்கள் கோணத்தைக் குறைத்து வைத்து, சிவப்புக் கோட்டை அடிக்கடி பார்க்க வேண்டியதன் காரணம் இது.

ஓட்டுதல், திருத்துதல்

மணிக்கு 16 முதல் 19 கிலோமீட்டர், அதாவது 10 முதல் 12 மைல், வேக்சர்ஃபிங்கின் வேகம். ஷேப்பர் ஒட்டியிருக்கும்போது 20 கிலோமீட்டரைத் தாண்டாதீர்கள். உங்கள் கையேடு அதைவிடக் குறைவாகச் சொன்னால் அதுவே எல்லை. வேகம் கூடக்கூட நீர் தள்ளும் விசை அதன் வர்க்கமாகக் கூடுகிறது. வேகம் இரட்டித்தால் விசை நான்கு மடங்கு. பின்னோக்கி ஓட்டினால் நீர் தவறான பக்கமிருந்து நுழைந்து ஷேப்பரைப் பிய்த்தெடுத்துவிடும். வேறு கரைக்குப் போக வேண்டுமா, கழற்றிப் படகுக்குள் வைத்துவிட்டுப் போங்கள்.

ஷேப்பர் வலப்பக்கம் இருந்தால் படகின் மூக்கு வலப்பக்கமே திரும்பப் பார்க்கும். ஸ்டீயரிங்கை எதிர்ப்பக்கம் லேசாகப் பிடித்து வைத்தால் நேராக ஓடும். கயிறு 6 முதல் 7.5 மீட்டர் போதும். விழுந்தவரை எடுக்க வரும்போது சட்டென்று வேகத்தைக் குறைத்தால் உங்கள் அலையே பின்னால் துரத்தி வந்து, எடை ஏறிய படகின் பின்பலகையைத் தாண்டி உள்ளே கொட்டும். மெதுவாகக் குறைத்து, சற்று விலகித் திரும்புங்கள்.

அலையைத் திருத்தும்போது ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுவதே புத்திசாலித்தனம். எடை, வேகம், ஷேப்பரின் கோணம் மூன்றையும் ஒரே சுற்றில் மாற்றினால் எது வேலை செய்தது என்று கடைசிவரை தெரியாது. முதலில் வேகத்தை அரை மைல் அரை மைலாகக் கூட்டிப் பாருங்கள். செலவில்லாத திருத்தம் அது. அலையின் உச்சி நுரைத்துக் கலைந்தால் பெரும்பாலும் வேகம் போதவில்லை. அலை உயரமாக இருந்தும் நீளம் குறைந்து, சறுக்குபவரைத் தள்ளாமல் விட்டால் பின்பக்கம் எடை மிகுதி. ஒருவரை முன்னால் அனுப்புங்கள். பின்பக்க எடை உயரத்தையும் முன்பக்க எடை நீளத்தையும் தரும். இவை சரியாகியும் நுரை அடங்காவிட்டால்தான் ஷேப்பரைத் தொட வேண்டும். ஓர் அங்குலம் கீழே இறக்குங்கள், அல்லது கோணத்தை ஒரு படி கூட்டுங்கள். கோணம் மிகுந்தால் அலை சுத்தமாகும், ஆனால் இழுவை கூடி எரிபொருள் கரையும், கிண்ணமும் மெல்ல நழுவும். ஷேப்பருக்கு மேலே நீர் பீறிட்டுப் படகுக்குள் தெறித்தால் அது மிக மேலே இருக்கிறது.

அடிக்கடி கழல்கிறதென்றால்

புதிதாக மெழுகு பூசிய ஹல்லில் ஷேப்பர் கழல்வதைவிட வழுக்குவதே அதிகம். வெற்றிடம் அப்படியே இருக்கும், சிவப்புக் கோடும் தெரியாது, ஆனாலும் ஒவ்வொரு சுற்றிலும் அரை அங்குலம் பின்னால் போயிருக்கும். கிண்ணம் படும் இடத்தை மட்டும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்து மெழுகை எடுங்கள். ரப்பரில் அசிட்டோனோ பெட்ரோலோ படவே கூடாது. குளிர்ந்த நீரில் ரப்பர் விறைத்து, ஹல்லின் வளைவுக்கு இணங்காது. ஒட்டுவதற்கு முன் சிறிது நேரம் வெயிலில் வைத்தால் இளகும். மெழுகும் குளிரும் காரணமில்லை என்றால் கிண்ணத்தின் ஓரத்தை விரல் நுனியால் சுற்றித் தடவுங்கள். நகக்கண் அளவு வெட்டு போதும் காற்று நுழைய. வெட்டுப்பட்ட கிண்ணத்துக்குப் பசை தடவுவது வீண்வேலை. மாற்றுக் கிண்ணம் தனியாகக் கிடைக்கும்.

கழற்றும்போது கிண்ணத்தின் ஓரத்திலுள்ள நாக்கைத் தூக்கினாலோ விடுவிக்கும் வால்வை அழுத்தினாலோ காற்று உள்ளே போய்விடும். ஸ்க்ரூடிரைவரால் நெம்பினால் ரப்பரும் ஜெல்கோட்டும் சேர்ந்து கெடும்.

பராமரிப்பு

பயன்படுத்தியபின் நல்ல நீரில் கழுவுங்கள், உப்புநீரில் ஓட்டியிருந்தால் பம்ப் துளையையும் சேர்த்து. மிதமான சோப்பு நீரே போதும். ரப்பரைப் பளபளப்பாக்கும் ஸ்ப்ரேக்கள் வேண்டாம், அவற்றின் எண்ணெய் அடுத்த முறை வழுக்க வைக்கும். பருவத்துக்கு ஒருமுறை பம்ப் தண்டைக் கழற்றி, அழுக்கைத் துடைத்து, சிலிக்கான் கிரீஸை மெல்லிய படலமாகத் தடவி மாட்டுங்கள். பெட்ரோலிய கிரீஸ் ரப்பர் வளையத்தை ஊதிப் பெருக்கும். மாட்டியபின் வீட்டு ஜன்னல் கண்ணாடியில் ஒட்டிச் சோதியுங்கள். இரண்டு மணி நேரம் கழித்தும் சிவப்புக் கோடு வெளியே வராவிட்டால் பம்ப் நன்றாக இருக்கிறது. கண்ணாடியில் பிடித்து, படகில் பிடிக்காவிட்டால் குற்றம் ஹல்லில்.

வைக்கும்போது கிண்ணங்களின் மேல் எதையும் அடுக்காதீர்கள், ஓரம் மடங்கிய வடிவத்திலேயே நின்றுவிடும். உறை போட்டு, வெயில் படாத இடத்தில், எதிலும் ஒட்டாமல் தொங்கவிடுங்கள். ஹல்லில் ஒட்டியபடியே இரவெல்லாம் விட்டால் வட்டக்கறை படியும். ஓரத்தைக் கிள்ளினால் மெல்லிய வெடிப்புகள் தெரியும் ரப்பரின் ஆயுள் முடிந்துவிட்டது.

அமெரிக்க ஏரிகளில் இன்னொரு வேலையும் இருக்கிறது. சீப்ரா மசல் என்ற அந்நியச் சிப்பியின் கண்ணுக்குத் தெரியாத குஞ்சுகள் பேலஸ்ட் பையில் தேங்கிய நீரோடு ஏரிவிட்டு ஏரி பயணிக்கின்றன. டெக்சாஸில் ஏரியைவிட்டு நீங்கும் படகிலிருந்து எல்லா நீரையும் வடிக்க வேண்டும். மினசோட்டாவில் வடிகால் அடைப்புகளைக் கழற்றிவைத்தே படகைச் சாலையில் கொண்டுபோக வேண்டும். இரண்டும் சட்டம். ஷேப்பரின் ஃபோம் தகட்டு இடுக்குகளிலும் கயிற்றின் முடிச்சிலும் நீர் நிற்கும். பைகளோடு அவற்றையும் ஐந்து நாளாவது காயவிட்ட பிறகே வேறு ஏரிக்குக் கொண்டுபோங்கள்.

கரையிலிருந்து எவ்வளவு விலகி ஓட்டுவது என்பது மாநிலத்துக்கு மாநிலம் மாறுகிறது. மினசோட்டா பல்கலைக்கழகத்தின் செயின்ட் ஆண்டனி ஃபால்ஸ் ஆய்வகம் 2022-இல் வெளியிட்ட அளவீட்டில், சாதாரணப் படகின் அலை 200 அடியில் அடங்கும் அளவுக்கு வேக்சர்ஃப் படகின் அலை அடங்க 500 அடிக்கு மேல் தேவைப்பட்டது. வெர்மான்ட் 2024-இல் கொண்டுவந்த விதி கரையிலிருந்து 500 அடியும் குறைந்தது 20 அடி ஆழமும் கேட்கிறது. அந்த விதியில் வேக் படகு என்பதன் வரையறைக்குள் அலையைப் பெரிதாக்கும் கருவிகளும் வருகின்றன. பழைய படகில் ரப்பர் கிண்ணத்தால் ஒட்டிய ஷேப்பர்தானே என்று அங்கே இறக்கிவிடாதீர்கள். ஏரியின் விதிப்பலகையைப் படகுத்துறையிலேயே படித்துவிட்டுப் பையை நிரப்பத் தொடங்குங்கள்.