சவுண்ட் புரொஜக்டர் வாங்கும் முன்

முதலில் படச்சுருள், அப்புறம்தான் புரொஜக்டர். மலிவாக வந்ததே என்று இயந்திரத்தை வாங்கி வைத்துக்கொண்டு, அதில் ஓட்டப் படம் கிடைக்காமல் அலைகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். பழைய படச்சுருள் சேகரிப்பவர்கள் கையில் அதிகம் புழங்குவது மூன்று வகை: கோடக் 1923-ல் கொண்டுவந்த 16 மி.மீ., 1932-ல் வந்த 8 மி.மீ., 1965-ல் வந்த சூப்பர் 8. பிரெஞ்சு நிறுவனமான பாத்தேயின் 9.5 மி.மீ. தனிக் கதை, அதில் ஃபிலிமை இழுக்கும் பல் மாட்டும் துளை நட்டநடுவில் இருக்கும். சாதா 8-க்கும் சூப்பர் 8-க்கும் அகலம் ஒன்றுதான், துளையின் அளவும் இடைவெளியும் வேறு. ஒன்றுக்காகச் செய்த இயந்திரத்தில் மற்றதை ஓட்டினால் ஃபிலிம் கிழியும். இரண்டையும் ஓட்டும் 'டூயல்' இயந்திரங்கள் உண்டு. ஆனால் இரண்டிலும் ஒலி வருமா என்று விற்பவரிடம் கேட்டுவிடுங்கள்.

ஒலி விஷயத்தில் 16 மி.மீ. சேகரிப்பவருக்குக் கவலை குறைவு. பெரும்பாலான பிரதிகளில் ஒலித்தடம் ஃபிலிமின் ஓரத்திலேயே ஒளியால் பதிந்திருக்கும். யாரும் தவறி அழித்துவிட முடியாது. சூப்பர் 8-ல் ஓரத்தில் ஒட்டியிருப்பது காந்தப் பட்டை, டேப் ரெக்கார்டரில் ஓடும் அதே சரக்கு. ரெக்கார்டிங் வசதியுள்ள புரொஜக்டரில் தவறான பட்டனை அழுத்தினால் அந்த ஒலி போனது போனதுதான். ரெக்கார்டிங் வசதிக்காகக் கூடுதல் பணம் கொடுக்காதீர்கள், வெறுமனே ஒலியைப் படிக்கும் இயந்திரமே சேகரிப்பவருக்குப் போதும். சூப்பர் 8-லும் ஒளித்தடப் பிரதிகள் கொஞ்சம் உண்டு. காந்த ஹெட் (காந்தப் பட்டையின் ஒலியைப் படிக்கும் முனை) மட்டும் உள்ள இயந்திரத்தில் அவை ஊமைப் படம்தான்.

கையில் பணம் குறைவு, முழுநீளப் படங்களில் ஆசை என்றால் நான் 16 மி.மீ. பக்கம்தான் கை காட்டுவேன். எய்கி, எல்மோ, பெல் அண்ட் ஹவல் போன்ற பள்ளிக்கூட இயந்திரங்கள் முரட்டுக் கையாளலுக்கென்றே செய்யப்பட்டவை. கனம் அதிகம், சத்தமும் அதிகம். மாடி வீட்டுக்காரர்கள் யோசித்துக்கொள்ளவும். இதில் ஒன்றை டார்ச் அடித்துப் பார்த்தே ஆகவேண்டும்: பெல் அண்ட் ஹவலின் பல மாடல்களில் உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் 'வார்ம் கியர்' வயதாகி வெடித்துவிடும். விற்பவரைப் பின்மூடியைக் கழற்றச் சொல்லுங்கள். அந்தத் திருகுபல் சக்கரத்தில் மயிரிழை அளவு கோடு தெரிந்தாலும், மாற்றும் செலவைச் சேர்த்துத்தான் விலை பேசவேண்டும். கியர் மாற்றியாகிவிட்டது என்றால் அதே இயந்திரம் நல்ல பேரம்.

தானே ஃபிலிமை இழுத்துக்கொள்ளும் 'ஆட்டோ லோட்' வசதி கேட்க இனிமையாக இருக்கும். பழைய பிரதியின் முனை சுருண்டிருந்தால் உள்ளேயே சிக்கி நசுங்கும். பல ஆட்டோ மாடல்களில் பாதி ஓட்டத்தில் ஃபிலிமை வெளியே எடுப்பதும் பெரும்பாடு. கையால் கோக்கும் மாடலோ பக்கவாட்டில் செருகும் 'ஸ்லாட் லோட்' மாடலோ கிடைத்தால் அதையே எடுங்கள்.

சூப்பர் 8 என்று முடிவானால் எல்மோ எஸ்டி-180, யூமிக் 800 வரிசை போன்ற ஒற்றைத்தட இயந்திரங்களில் தொடங்கலாம். எல்மோ ஜிஎஸ்-1200-ஐ எல்லோரும் புகழ்வார்கள். ஸ்டீரியோ, 1200 அடி ரீல், அருமையான இயந்திரம்தான். ஆனால் மின்சுற்று சிக்கலானது, கெட்டால் சரிசெய்யத் தெரிந்த கை கிடைக்க வேண்டும். முதல் இயந்திரமாக அதை வாங்குவது தேவையில்லாத தலைவலி. ரீல் கொள்ளளவை மட்டும் கவனியுங்கள்: வினாடிக்கு 24 ஃபிரேம் வேகத்தில் 400 அடி சூப்பர் 8 சுருள் 20 நிமிடம் ஓடும். 18, 24 இரண்டு வேகமும் இருக்கட்டும். வீட்டுப் படங்கள் பெரும்பாலும் 18.

நேரில் பார்க்கப் போகும்போது வீணானாலும் பரவாயில்லை என்று தோன்றும் ஒரு சுருளை எடுத்துப் போங்கள், அதில் பியானோ இசை இருந்தால் உத்தமம். பேச்சில் மறைந்துவிடும் ஒலித் தள்ளாட்டம், அதாவது வேகம் ஏறி இறங்குவது, பியானோவின் நீண்ட சுரத்தில் அப்படியே காட்டிக்கொடுக்கும். பெல்ட் தளர்ந்ததா, உருளையின் ரப்பர் இறுகிப்போனதா என்பதெல்லாம் அப்புறம். சூப்பர் 8 என்றால் மின்சாரத்தை நிறுத்திவிட்டு ஒலி ஹெட்டின் மேல் நகத்தால் மெதுவாக வருடிப் பாருங்கள். ஃபிலிம் ஓடி ஓடிப் பள்ளம் விழுந்திருந்தால் நகம் தடுக்கும். அழுக்கு என்றால் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சில் வந்துவிடும், பள்ளம் அப்படிப் போகாது. பள்ளம் விழுந்த ஹெட்டில் கூர்மையான ஒலிகள் மங்கிப்போகும். மாற்று ஹெட் தேடுவதைவிட வேறு புரொஜக்டர் தேடுவது சுலபம்.

கீறல் சோதனைக்குக் கறுப்பு லீடர் (சுருளின் முனையில் ஒட்டும் படமில்லாத ஃபிலிம்) துண்டு ஒன்றை வளையமாக ஒட்டி, சில நிமிடம் ஓடவிட்டு, விளக்கருகே சாய்த்துப் பாருங்கள். நேர்கோடாக ஒரு கீறல் தெரிந்தால் கேட்டிலோ (விளக்கின் முன்னே ஃபிலிம் நின்று நகரும் சட்டம்) உருளையிலோ ஏதோ உரசுகிறது. பல சமயம் காய்ந்த அழுக்குதான். துடைத்து மறுபடி ஓட்டியும் கோடு விழுந்தால் வேண்டாம்.

உதட்டசைவும் ஒலியும் பொருந்தவில்லை என்று உடனே இயந்திரத்தைக் குறை சொல்ல வேண்டாம். 16 மி.மீ. ஒளித்தடத்தில் ஒலி தன் படத்துக்கு 26 ஃபிரேம் முன்னால் இருக்கும், சூப்பர் 8 காந்தத்தடத்தில் 18. கேட்டுக்குக் கீழே ஃபிலிமைத் தளர்வாக விடும் வளையம் சிறிதானாலோ பெரிதானாலோ இந்தக் கணக்கு குலையும். வளையத்தைச் சரிசெய்துவிட்டு மறுபடி பாருங்கள்.

பல்பு விஷயத்தில் கறாராக இருங்கள். சூப்பர் 8-ல் 12 வோல்ட் 100 வாட் இ.எஃப்.பி. (EFP) வகை, 16 மி.மீ.யில் 24 வோல்ட் 250 வாட் இ.எல்.சி. (ELC) வகை என்றால் நிம்மதி, இரண்டும் மற்ற கருவிகளிலும் பயன்படுவதால் புதிதாகவே கிடைக்கின்றன. பெயர் தெரியாத பல்பு என்றால், வாங்கும் முன்பே அது எங்கே விற்கிறது என்று பார்த்துவிடுங்கள். 16 மி.மீ.யில் ஒலித்தடத்துக்கென்று தனியாக ஒரு குட்டி எக்ஸைட்டர் பல்பும் உண்டு. அது எரியாவிட்டால் படம் வரும், சத்தம் வராது. விவரம் தெரியாத விற்பனையாளர் 'ஆம்ப் (ஒலிபெருக்கிச் சுற்று) போச்சு' என்று விலையைக் குறைத்துவிடுவார். அது உங்களுக்கு லாபம். வேறு நாட்டு இயந்திரம் என்றால் வோல்டேஜ் மட்டுமல்ல, ஹெர்ட்ஸும் பாருங்கள். சில மோட்டார்கள் 60-க்குச் செய்யப்பட்டவை, 50-ல் மெதுவாக ஓடி ஒலியைக் கனக்க வைக்கும்.

தொலைவிலிருந்து வரவழைப்பதானால் பல்பையும் லென்ஸையும் கழற்றித் தனித்தனியாகச் சுற்றி, ரீல் கைகளை மடக்கி, பெட்டிக்குள் பெட்டி வைத்து அனுப்பச் சொல்லுங்கள். அந்தச் செலவை நானே ஏற்கிறேன் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால் யாரும் சுணங்க மாட்டார்கள்.