சிறுகதையில் உரையாடல்: பேச்சுத்தமிழை எழுத்தில் கொண்டுவரும் முறை

கதை சொல்லும் நடை எழுத்துத் தமிழில், பாத்திரங்கள் பேசுவது பேச்சுத்தமிழில். பெரும்பாலான சிறுகதைகள் இப்படித்தான் இருக்கும். மேற்கோள் குறி, பத்தி பிரிப்பதெல்லாம் தெரிந்ததுதான். சிக்கல் எழுத்துக்கூட்டலில்.

1. எழுதத் தொடங்கும் முன் ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஐந்து சொல் கொண்ட பட்டியல் போடுங்கள்: வருகிறேன், வேண்டும், இல்லை, அவர்கள், வீட்டில். நெல்லைக்காரர் 'வாரேன்' என்பார், சென்னைக்காரர் 'வர்றேன்', யாழ்ப்பாணத்துக்காரர் 'வாறன்'. இந்தப் பட்டியலுக்குக் கோப்பு வேண்டாம், தாள்தான் வசதி. எழுதும்போது கண் முன்னால் கிடக்கும்.

2. பெரும்பாலோர் சறுக்கும் இடம் இது. காதில் விழும் ஒலியை எல்லாம் எழுத்தாக்கக் கூடாது. பேச்சில் 'அவன்' என்பதன் கடைசி 'ன்' மூக்கொலியாகக் கரைந்துவிடும். அதை நம்பி 'அவ வந்தான்' என்று எழுதினால், 'அவ' என்றதும் வாசகர் 'அவள்' என்று எடுத்துக்கொண்டு 'வந்தான்' என்ற இடத்தில் தடுக்கி நிற்பார். குடையைக் 'கொட' என்று எழுதினால், 'கொடை'யோ என்று தோன்றும்.

மாற்ற வேண்டியவை மூன்றே: வினையின் முடிவு, வேற்றுமை உருபு, விளிச்சொல். 'நேற்று' போல அன்றாடம் புழங்கும் சில சொற்களையும் சேர்த்துக்கொள்ளலாம். பெயர்ச்சொல்லின் முதலெழுத்தைத் தொடாதீர்கள்.

எழுத்து நடை: "நீ ஏன் நேற்று கடைக்கு வரவில்லை?"
அளவு மீறியது: "நீ யே நேத்து கடக்கி வர்ல?"
போதுமானது: "நீ ஏன் நேத்து கடைக்கு வரல?"

3. முறைப்பெயரும் மரியாதை விகுதியும் யார் பேசுகிறார்கள் என்பதைக் காட்டிவிடும்.

"மாப்ள, இலை போடட்டுமா?"
"இருக்கட்டும் அத்தை. மாமா வந்துரட்டும்."

இங்கே 'என்றாள்', 'என்றான்' எதற்கு? மூவர் பேசும் இடத்தில் தேவைப்படும். அங்கேயும் வெறும் 'என்றான்' போதும். 'வினவினான்', 'பகர்ந்தான்' எல்லாம் சரித்திரக் கதையோடு இருக்கட்டும்.

4. முடித்ததும் பிழைதிருத்தியை அணைத்துவிடுங்கள். பேச்சுவடிவம் ஒவ்வொன்றுக்கும் அது சிவப்புக்கோடு போட்டால் உண்மையான பிழை அதில் மறைந்துபோகும். பிறகு தேடல் வசதியில் 'வேணும்', 'வேண்டும்', 'வேணாம்', 'வேண்டாம்' என்று ஒவ்வொன்றாகத் தேடிப் பட்டியலோடு ஒப்பிடுங்கள். ஒரே ஆள் முதல் பக்கத்தில் 'வேணும்', மூன்றாம் பக்கத்தில் 'வேண்டும்' என்று பேசுவது அப்போதுதான் சிக்கும்.

பின்சேர்க்கை: பேச்சுச் சொற்களுக்கு நடுவே 'ப்' போன்ற ஒற்று போட வேண்டுமா என்று சிலர் கேட்டார்கள். 'அதப் பாரு', 'அத பாரு' இரண்டுமே புழக்கத்தில் உள்ளவை. எனக்கு ஒற்றுடன் எழுதுவதே பிடிக்கும். எதுவானாலும் கதை முழுக்க ஒன்றாக இருக்கட்டும்.

இன்னொரு கேள்வி, மனதுக்குள் நினைப்பதை எந்தத் தமிழில் எழுதுவது? 'என்று நினைத்தான்' என முடித்தால் இரண்டும் பொருந்தும். அந்தச் சொல் இல்லாமல் நினைப்பை நேராக எழுதினால் பேச்சுத்தமிழே சரி. எழுத்துத் தமிழில் இருந்தால் அதைக் கதைசொல்லியின் கருத்தாகவே வாசிப்பார்கள்.