மெல்பேர்னுக்கு வரும் மலையகத்துப் பிள்ளைகளே, அந்த 10 கேள்விக்குப் பொய் சொல்லாதீர்கள்

வரி இலக்கம், வங்கிக் கணக்கு, தகுதி இருந்தால் மெடிகேர் (அரச மருத்துவக் காப்பீடு) அட்டை எல்லாவற்றையும் முதல் வாரத்திலேயே முடித்துவிடுங்கள். எப்படி என்று யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். நான் எழுத வந்தது வேறு, மனசைப் பற்றி.

ஹட்டனிலிருந்து வந்த முதல் குளிர்காலத்தில் எனக்குத் தூக்கம் போய்விட்டது. நுவரெலியாவில் பார்க்காத குளிரா? ஆனால் லயத்தில், அந்தத் தோட்டத்து வரிசை வீடுகளில், ராத்திரி இருமினால் பக்கத்துக் காம்பராவிலிருந்து "என்னாச்சு?" என்று குரல் வரும், இங்கே இரண்டு வாரம் கதவைத் திறக்காவிட்டாலும் தட்ட ஆளில்லை. சரி என்று ஒன்லைன் திட்டம் ஒன்றில் சேர்ந்தேன். தூக்கம், நடை, சாப்பாடு, மனசு என்று வாரம் ஒரு பாடம். இலவசம்தான்.

ஆரம்பத்தில் கே10 என்று மன உளைச்சலை அளக்கும் 10 கேள்வி. கடந்த 4 வாரத்தில் எத்தனை தடவை காரணமில்லாமல் களைத்தீர்கள், நம்பிக்கை இழந்தீர்கள் என்று கேட்டு, ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை புள்ளி, புள்ளி கூடினால் உளைச்சலும் கூட. நான் என்ன செய்தேன்? அம்மாவிடம் போனில் சொல்லும் அதே "நல்லா இருக்கேன்"தான். விசாவுக்கு வினையாகுமோ என்ற பயம், "பைத்தியமாம்" என்று தோட்டம் முழுக்கக் கதை போகுமோ என்ற வெட்கம். மொத்தம் 11. கணினி நம்பிவிட்டது! வாரா வாரம் நடப்பது எப்படி என்று வீடியோ அனுப்பியது, கொழுந்துக் கூடையோடு மலை ஏறியவளின் மகளுக்கு. எரிச்சலில் திட்டித் தீர்த்தேன். பிழை என்னுடையது என்று புரிவதற்குள் 3 மாதமும் ஒரு வேலையும் போயின.

அப்புறம்தான் டொக்டரிடம் போனேன். 131 450 என்ற அரச மொழிபெயர்ப்புச் சேவையில் தமிழ் பேசுபவரைப் போனிலேயே எடுக்கலாம், மெடிகேர் உள்ளவருக்காக டொக்டர் எடுத்தால் காசில்லை. "மனசு ஒரு நெலயில இல்லைங்க" என்றேன். மறுமுனையில் மொழிபெயர்த்த யாழ்ப்பாணத்து ஐயா "மலைநாடோ பிள்ளை?" என்றார், அதற்கே அழுகை வந்துவிட்டது. அதே 10 கேள்வி, இந்தத் தடவை 34. டொக்டர் மனநலச் சிகிச்சைத் திட்டம் எழுதித் தந்தார். அது இருந்தால் உளவியலாளரிடம் போகும் செலவில் ஒரு பகுதியை வருடத்துக்கு 10 தடவை வரை மெடிகேர் தரும். விசா பயத்தையும் வெட்கப்படாமல் அந்த டொக்டரிடமே கேட்டுத் தெளிந்தேன்.

ஒன்லைன் திட்டத்தை நான் விடவில்லை. உண்மையான பதிலோடு மறுபடி சேர்ந்தேன், மறுநாளே அங்கிருந்து ஓர் ஆள் எனக்குப் போன் எடுத்துப் பேசியது.

வீட்டுக்குப் பேசிய கையோடு மட்டும் அந்தக் கேள்விகளை நிரப்பாதீர்கள், பொய் நாக்கிலேயே இருக்கும். தூக்கம் வராத ராத்திரியில் நிரப்புங்கள். செத்துவிடலாம் என்று தோன்றினால் கேள்வியும் வேண்டாம் பாடமும் வேண்டாம், உடனே அவசர இலக்கம் 000, இல்லாவிட்டால் மன நெருக்கடியில் பேச உதவும் லைஃப்லைன் 13 11 14.