பாதுகாப்புச் சிப் அப்டேட்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஸ்மார்ட் பூட்டு, மின் மீட்டர், கேமரா என்று நெட்டில் இணையும் கருவிகள் பலவற்றுக்குள், முதன்மை ப்ராசஸருக்குப் பக்கத்தில் சின்னதாக இன்னொரு சிப் இருக்கும். அதுதான் பாதுகாப்புச் சிப். ரகசியச் சாவிகளைப் பத்திரமாக வைத்துக்கொண்டு, கேட்கும்போது கையொப்பமிட்டுத் தருவதுதான் அதன் வேலை. அதற்குள்ளும் ஃபர்ம்வேர் என்ற மென்பொருள் உண்டு. அதையும் எப்போதாவது அப்டேட் செய்தாக வேண்டும். இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் எழுதும் ஸ்கிரிப்ட்களைப் பார்த்துத் திருத்துவது என் வேலையில் ஒரு பகுதி. நாங்கள் தொடக்கத்தில் தடுக்கி விழுந்த அதே இடங்களில்தான் அவர்களும் விழுகிறார்கள். கையொப்பம் சரிபார், என்கிரிப்ட் செய்து அனுப்பு என்பதையெல்லாம் இங்கே சொல்லப்போவதில்லை. அதில் கோட்டை விட்டால் சிப்பே ஏற்காது.

கவுன்ட்டரை முன்கூட்டியே ஏற்றுவது

இன்றுவரை எனக்கு எரிச்சல் தருவது இதுதான். ஓட்டையுள்ள பழைய ஃபர்ம்வேரை யாரும் மறுபடி ஏற்றிவிடக் கூடாது என்பதற்காகச் சிப்புக்குள் ஒரு கவுன்ட்டர் இருக்கும். அது ஏறும், இறங்காது. கவுன்ட்டர் 5 என்றால், 4 என்று குறித்த ஃபர்ம்வேரைத் தயாரித்த நிறுவனமே கையொப்பமிட்டு அனுப்பினாலும் சிப் வாங்காது.

புதியவர்களின் ஸ்கிரிப்ட் பெரும்பாலும் இப்படிப் போகும்: ஃபர்ம்வேரை எழுது, கையொப்பத்தைச் சரிபார், கவுன்ட்டரை ஏற்று, ரீஸ்டார்ட் செய். படிக்க ஒழுங்காகத்தான் இருக்கும். வினையே மூன்றாவது படியில்தான். கையொப்பம் சரி என்றால், ஃபர்ம்வேர் உரிய இடத்திலிருந்து வந்திருக்கிறது, வழியில் யாரும் கை வைக்கவில்லை, அவ்வளவுதான். இந்தப் போர்டில் அது ஓடுமா என்பதற்குக் கையொப்பம் பொறுப்பேற்காது.

அண்மையில் ஒரு தம்பி சோதனை மேஜையில் போர்டை வைத்துக்கொண்டு விழித்துக்கொண்டிருந்தார். “சிக்னேச்சர் பாஸ் ஆயிடுச்சு சார், ஆனா சிப் பதிலே சொல்ல மாட்டேங்குது.” சிப் பதில் சொல்லத்தான் செய்தது, கொஞ்சம் தாமதமாக. புதிய ஃபர்ம்வேர் கிளம்பும்போது கூடுதலாக ஒரு சுயபரிசோதனை செய்தது. ப்ராசஸர் பக்கத்தில் சிப்போடு பேசும் டிரைவர் மென்பொருள் 50 மில்லிசெகண்ட் பார்த்துவிட்டு, சிப் செத்துவிட்டது என்று முடிவுகட்டி, பழைய ஃபர்ம்வேரைத் திருப்பி ஏற்றப் பார்த்தது. கவுன்ட்டர்தான் ஏற்கெனவே ஏறியாயிற்றே! சிப் 6985 என்று பதில் தந்தது. நிபந்தனை பொருந்தவில்லை என்று பொருள். எந்த நிபந்தனை என்று அது சொல்லாது. ஸ்கிரிப்ட்டோ விடாமல் திரும்பத் திரும்ப அனுப்பி, தோல்வி முயற்சிகளுக்கான வரம்பையும் தொட்டது. சிப் நிரந்தரமாகப் பூட்டிக்கொண்டது.

சாதாரண மைக்ரோகன்ட்ரோலர் என்றால் டீபக் போர்ட் வழியாக உள்ளே போய்ப் பிழைக்க வைக்கலாம். இங்கே அந்த வழியைத் தொழிற்சாலையிலேயே அடைத்துவிடுவார்கள். சிப்பைக் கழற்றி மாற்றலாம்தான், ஆனால் கருவியின் தனிச்சாவி பழைய சிப்போடு போய்விடும். சர்வரில் பழைய சான்றிதழை ரத்துசெய்து, புதிய சிப்பை முதலிலிருந்து பதிவுசெய்ய வேண்டும். மேஜையில் இருக்கும் ஒரு போர்டுக்கு இதைச் செய்யலாம். ஆள் போய்ச் சேரவே சிரமமான இடங்களில் ஆயிரக்கணக்கில் மாட்டிய மீட்டர்களுக்கு?

எனவே கவுன்ட்டரைக் கடைசிக்குத் தள்ளுங்கள். புதிய ஃபர்ம்வேர் முதலில் சோதனை நிலையில் ஓடட்டும். ப்ராசஸர் அதனிடம் ஒரு கையொப்பம் வாங்கிப் பார்க்கட்டும். சர்வரோடு முழு இணைப்பு ஒன்று நடக்கட்டும். அதெல்லாம் தேறினால் ‘சரி’ என்று குறித்து, அப்புறம் கவுன்ட்டரை ஏற்றலாம். கருவி கிளம்பும்போது முதலில் ஓடி ஃபர்ம்வேரைத் தொடங்கிவைக்கும் நிரலுக்குப் பூட்லோடர் என்று பெயர். எம்சியுபூட் என்ற திறந்த மூல பூட்லோடரின் நிரலைப் பாருங்கள்: சோதனைக்காக மாற்றிய ஃபர்ம்வேர் தன்னைச் சரி என்று குறித்துக்கொண்டு, மறுபடி ரீஸ்டார்ட் ஆன பிறகே அங்கே கவுன்ட்டர் ஏறும்.

இதற்கு ஒரு தம்பித் தவறும் உண்டு: பதிப்பு எண்ணையும் கவுன்ட்டரையும் ஒன்றாகக் கட்டிவிடுவது. எழுத்துப்பிழை திருத்தியதற்கெல்லாம் கவுன்ட்டரை ஏற்றக் கூடாது. பல இடங்களில் அது ஒருமுறை மட்டுமே எரிக்கக்கூடிய ஃபியூஸ்களால் ஆனது. இஎஸ்பி32 என்ற மைக்ரோகன்ட்ரோலரில் மொத்தமே 32 படிகள்தான். பாதுகாப்பு ஓட்டையை அடைத்த வெளியீட்டுக்கு மட்டும் ஏற்றினால் போதும்.

பாதி ஃபர்ம்வேரோடு தொடங்குவது

பல பாதுகாப்புச் சிப்களில் இரண்டு முழு ஃபர்ம்வேருக்கு இடம் இருக்காது. அப்டேட் தொடங்கியதும் பழையதை அழித்துவிட்டு, புதியதை வாங்கி எழுதும் லோடர் மட்டும் விழித்திருக்கும். அந்த நேரத்தில் சாவிகள் கிடைக்காது. சாவி இல்லாமல் சர்வரோடு பாதுகாப்பான இணைப்பு போட முடியாது. நடுவில் இணைப்பு அறுந்தால் மீதித் துண்டை எப்படி டவுன்லோட் செய்வீர்கள்? முழுக் கோப்பும் ப்ராசஸர் பக்கத்து நினைவகத்தில் வந்து சேர்ந்து, அதைச் சரிபார்த்த பிறகே சிப்பைத் தொடுங்கள்.

ஃபர்ம்வேர் புதிது, சாவி பழையது

2017 அக்டோபரில் வெளியான ரோகா ஓட்டையில், இன்ஃபினியன் நிறுவனச் சிப்களில் ஆர்எஸ்ஏ என்ற வகைச் சாவியை உருவாக்கும் நிரலில் கோளாறு இருந்தது. ஃபர்ம்வேரை அப்டேட் செய்ததோடு பலர் நிம்மதியாகிவிட்டார்கள். ஆனால் பழைய நிரல் உருவாக்கிய சாவி அப்டேட்டுக்குப் பிறகும் பலவீனமானதுதான். எஸ்தோனியாவில் ஏறத்தாழ 7.5 லட்சம் அடையாள அட்டைகள் இதில் மாட்டின. அட்டை மென்பொருளோடு சாவியையும் சான்றிதழையும் அங்கே மாற்ற வேண்டியிருந்தது. ஓட்டை எந்த வேலையில் இருந்தது என்று பாருங்கள். அது சாவி உருவாக்கத்தில் என்றால், அப்டேட் பாதி வேலைதான்.

மாடல் பார்க்காமல் அனுப்புவது

2017 ஆகஸ்டில் லாக்ஸ்டேட் என்ற ஸ்மார்ட் பூட்டு நிறுவனம், ஒரு மாடலுக்கான ஃபர்ம்வேரை வேறு மாடல் பூட்டுகளுக்கு அனுப்பிவிட்டது. சுமார் 500 பூட்டுகள் சர்வரோடு பேசும் திறனையே இழந்தன. தொலைவிலிருந்து திருத்தவும் வழியில்லாமல் போயிற்று. மாடல் எண்ணும் வன்பொருள் திருத்த எண்ணும் கையொப்பமிட்ட பகுதிக்குள் இருக்க வேண்டும். கோப்பின் பெயரில் இருந்தால் போதாது.

எல்லாச் சிப்பும் அப்டேட் ஆகும் என்ற நினைப்பு

ஆகாது. லாகினுக்குப் பயன்படும் யூபிகீ என்ற சின்னச் சாதனத்தில், ஃபர்ம்வேரை மாற்றும் வழியை வேண்டுமென்றே வைக்கவில்லை. போர்டு வடிவமைக்கும் முன் டேட்டாஷீட்டைப் படியுங்கள்.

சோதனைச் சாவியை அப்படியே விடுவது

சோதனைக்காகச் சிப்பில் முன்கூட்டியே போட்டிருக்கும், 40, 41, 42 என்று தொடங்கி 4எஃப் வரை (பதினாறடிமான எண்களில்) போகும் அந்தச் சாவி ஊருக்கே தெரியும். கருவி தொழிற்சாலையை விட்டுப் போகும் முன் மாற்றிவிடுங்கள்.