ஜெராக்ஸை நம்பி வழக்குக்குப் போகலாமா?

1872-ஆம் ஆண்டு சாட்சியச் சட்டம் போய், 2024 ஜூலை 1 முதல் பாரதிய சாக்ஷிய அதினியம் வந்துவிட்டது. பிரிவு எண்கள் மாறின. ஆனால் ஆவணத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று நிரூபிக்க நீதிமன்றம் முதலில் கேட்பது இன்றைக்கும் அசலைத்தான்.

பலரும் ஜெராக்ஸில் நோட்டரி முத்திரை வாங்கிக்கொண்டு நிம்மதியாக வருகிறார்கள். முத்திரை விழுந்ததால் நகல் அசலாகிவிடாது. அசல் தொலைந்ததா, அழிந்ததா, எதிர்தரப்பின் கையில் இருக்கிறதா என்பதைச் சொல்லி, அதற்குச் சாட்சியமும் தர வேண்டும் (பிரிவு 60). எதிர்தரப்பிடம் இருந்தால், பொதுவாக முதலில் அதைக் கொண்டுவரச் சொல்லி நோட்டீஸ் கொடுத்திருக்க வேண்டும். அப்புறம், அந்த நகல் அசலிலிருந்து எடுத்ததுதான் என்றும் யாராவது கூண்டில் ஏறிச் சொல்ல வேண்டும். பதிவான கிரயப் பத்திரம் என்றால் ஜெராக்ஸோடு மல்லுக்கட்டாமல் சார்பதிவாளர் அலுவலகத்தில் சான்றிட்ட நகல் வாங்குவதே புத்திசாலித்தனம்.

முத்திரைத்தீர்வை குறைந்த பத்திரத்தில் இன்னொரு வம்பு. அசல் கையில் இருந்தால் பாக்கியும் அபராதமும் கட்டிச் சரிசெய்யலாம். புரோநோட்டுக்கு அந்த வழியும் இல்லை. நகலை வைத்துக்கொண்டு அபராதம் கட்டுகிறேன் என்றால் எடுபடாது. உச்ச நீதிமன்றம் இதை 1971-லேயே சொல்லிவிட்டது.

வாட்ஸ்அப் உரையாடலை பிரிண்ட் எடுத்து நீட்டுவதும் வீண்தான். பிரிவு 63 கேட்கும் சான்றிதழ் கூட வேண்டும். இப்போது அதில் இரண்டு பகுதி: ஒன்று தாக்கல் செய்பவர் தருவது, மற்றது நிபுணர் தருவது. ஹாஷ் மதிப்பையும், அதாவது கோப்பின் கைரேகை மாதிரியான குறியீட்டையும், குறிப்பிட வேண்டும்.

எதிர்தரப்பு நகலைக் குறியீடு செய்யும்போது, அதாவது சான்றாவணமாக எண் போட்டுச் சேர்க்கும்போது, நம் வக்கீல் ஆட்சேபிக்காமல் சும்மா இருந்துவிட்டால், நிரூபித்த முறை சரியில்லை என்று அப்பீலில் கிளப்ப முடியாது. 2003-இல் வெங்கடாசல கவுண்டர் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது இது. அதற்காக, குறியீடு ஆன ஆவணம் எல்லாம் நிரூபணமான ஆவணம் என்று குதிக்கவும் வேண்டாம்.

உயில் தனி ரகம். பதிவு செய்திருந்தாலும், சாட்சிக் கையெழுத்து போட்டவர்களில் ஒருவராவது உயிரோடு, வரக்கூடிய நிலையில் இருந்தால் அவரை விசாரித்தே ஆக வேண்டும். பதிவான செட்டில்மெண்டுக்கோ, எழுதிக்கொடுத்ததையே எதிர்தரப்பு குறிப்பாக மறுத்தால்தான் இந்தக் கட்டாயம். உயில் சாட்சிகள் இருவருமே இறந்திருந்தால், ஒருவரின் கையெழுத்தையாவது தெரிந்தவரையும், உயில் எழுதியவரின் கையெழுத்தை அடையாளம் சொல்லக்கூடியவரையும் வழக்கு போடும் முன்பே தேடி வையுங்கள்.