காண்டோ விக்கப் போறீங்களா, முதல்ல தேதிய எண்ணுங்க

சிங்கப்பூர்ல வீட்ட வாங்கி சீக்கிரமே வித்தா, விக்கிறவர் கட்டுறதுதான் விற்பவர் முத்திரை வரி. 2017 மார்ச்சுல அத தளர்த்துனாங்க, நாலு வருஷ கெடு மூணாச்சு, விகிதமும் நாலு பர்சென்ட் இறங்குச்சு. 2025 ஜூலை 4லேருந்து பழைய கணக்கே திரும்பி வந்துடுச்சு. முதல் வருஷத்துக்குள்ள வித்தா 16%, ரெண்டாவதுல 12, மூணாவதுல 8, நாலாவதுல 4. ஆனா இன்னும் "மூணு வருஷம் தாண்டிட்டா ஒண்ணும் இல்ல"ன்னு காப்பிக்கடையில அடிச்சு சொல்ற ஆளுங்க இருக்காங்க.

எந்த ரூல் உங்களுக்குன்னு எப்படி பாக்குறது? நீங்க வாங்குன தேதிதான் கணக்கு, விக்கிற தேதி இல்ல. 2025 ஜூலை 3 வரைக்கும் வாங்குனவங்களுக்கு 2017ல வந்த மூணு வருஷமே. ஜூலை 3க்குள்ள ஓடிபி (ஆப்ஷன் டு பர்ச்சேஸ், விக்கிறவர் உங்களுக்கு விக்கிறேன்னு எழுதிக் குடுக்குற பத்திரம்) கையில வாங்கி, அதுல எதையும் மாத்தாம, அதோட கெடு தாண்டாம ஜூலை 24க்குள்ள எக்சர்சைஸ் பண்ணவங்களும் (அதாவது வாங்குறேன்னு கையெழுத்து போட்டவங்களும்) இதுல சேத்தி.

வாங்குன தேதின்னா சாவி வாங்குன நாள்னு நெனச்சுக்காதீங்க. ரீசேல்னா ஓடிபிய எக்சர்சைஸ் பண்ண நாள், டெவலப்பர்கிட்ட நேரா வாங்குனா சேல் அண்ட் பர்ச்சேஸ் அக்ரிமென்ட்ல கையெழுத்து போட்ட நாள். கட்டி முடியாத வீட்ட வாங்கி சாவி வர்றதுக்கு முன்னாடியே கைமாத்தி விடுறது கூடிப்போச்சுன்னுதான் அரசாங்கம் இத திரும்ப இறுக்குனதே, அதனால இந்த கணக்கு அப்படி விக்கிறவங்களத்தான் ரொம்ப கடிக்கும்.

விக்கிற பக்கம் இன்னொரு பொறி இருக்கு. நீங்க ஓடிபி குடுக்குற நாள் இல்ல, வாங்குறவர் அத எக்சர்சைஸ் பண்ற நாள்தான் எண்ணிக்கை. நாலு வருஷம் முடிய ஒரு வாரம் இருக்கே, அவரு எப்படியும் ரெண்டு வாரம் எடுத்துக்குவாருன்னு நம்பி குடுத்துட்டீங்க, மனுஷன் மறுநாளே வக்கீல் ஆபிஸ்ல போய் கையெழுத்து போட்டுட்டாருன்னா 4% உங்க தலையில. 16 லட்சம் வெள்ளி வீட்டுக்கு அது 64,000 வெள்ளி! நாலு வருஷ கெடு முடிஞ்சு சில நாள் கழிச்சே ஓடிபி குடுங்க.

லாபத்துல வரி இல்ல இது, விக்கிற விலையா சந்தை மதிப்பா, எது அதிகமோ அதுல. நஷ்டத்துல வித்தாலும் கட்டணும், புள்ளைக்கு உயிரோட இருக்கும்போதே சும்மா எழுதிக் குடுத்தாலும் கணக்குல வரும். கையெழுத்தான 14 நாளுக்குள்ள ஐராஸ்ல (வரி வசூலிக்கிற அரசாங்க ஆணையம்) கட்டிடணும், வழக்கமா வக்கீலே பாத்துக்குவாரு, ஆனா கேட்டு வச்சுக்கோங்க.

வீவக (அரசாங்க வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) வீட்டுக்காரங்க பயப்பட வேணாம், கொறஞ்சது அஞ்சு வருஷம் இருந்தாத்தான் விக்கவே முடியும், அதுக்குள்ள இந்த நாலு ஓடிடும்.