அபிவிருத்திச் சங்கக் கூட்டத்துக்குக் கொப்பியோடு போங்கள்

பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தில் பெயர் கொடுத்துவிட்டு, கூட்டத்தில் தேநீர் மட்டும் குடித்துவிட்டு வருபவர்கள் மலையகத்தில் ஏராளம். நானும் இரண்டு வருடம் அப்படித்தான் இருந்தேன்.

சங்கத்தின் தலைவர் அதிபர். அது பதவி வழியாக வருவது. பெற்றோரும் ஆசிரியர்களும் மட்டுமல்ல, பழைய மாணவர்களுக்கும் நலன்விரும்பிகளுக்கும் அதில் இடமுண்டு. எனவே பிள்ளை படிப்பை முடித்துவிட்டது என்று ஒதுங்கத் தேவையில்லை.

முதலில் கூட்ட நேரத்தைக் கவனியுங்கள். வேலை நாளில் காலை பத்து மணிக்குக் கூட்டம் வைத்தால், மலையில் கொழுந்து பறிக்கும் தாய் எப்படி வருவார்? வந்தால் அன்றைய பேர், அதாவது அன்றைய நாட்சம்பளம், போய்விடும். பிறகு "பெற்றோருக்கு அக்கறை இல்லை" என்ற பேச்சு வேறு! ஞாயிற்றுக்கிழமையோ, கொழுந்து நிறுத்து முடிந்த மாலையோ வைக்கும்படி கேளுங்கள். எங்கள் பக்கத்தில் இதைச் செய்த பிறகுதான் பின்வரிசையும் நிரம்பியது.

சென்ற கூட்டத்தின் அறிக்கையையும் வரவு செலவுக் கணக்கையும் வாசிக்கச் சொல்லுங்கள். சண்டைக்குப் போவது போலக் கேட்க வேண்டாம், "சேர், எனக்கு விளங்கவில்லை, இன்னொரு தடவை வாசிக்க முடியுமா?" என்றால் போதும். யார் எதை எப்போது செய்வதாக ஒப்புக்கொண்டார் என்பதைத் திகதியோடு கொப்பியில் குறியுங்கள். அடுத்த கூட்டத்தில் அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உட்காருங்கள். உடைந்த கழிவறைக் கதவுக்கு ஆணி வந்து சேர்ந்தது அப்படித்தான்.